நான் தொடாத நாலு விரல்

என் பிரியமுள்ள அருமைநாயகம் அண்ணாச்சிக்கு,

ஆரல்வாய்மொழிக் காற்று இந்த ஆடியிலும் பனைகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கிறது. நேற்று அங்கே போய் வந்தேன். உங்கள் கல்லறைக்கு முன்னால் நின்றும் ஜெபம் செய்ய வாய் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். நாலு பேர் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன்.

உங்களை முதன்முதலில் பார்த்தது ஒரு கட்டிலில். நான் டாக்டர் லைசென்ஸ் பரீட்சைக்கு வந்தவன், நீங்கள் அந்தப் பரீட்சையின் கேள்வி. குளிர்காய்ச்சல் வந்து வந்து மண்ணீரல் வீங்கி, பனையேற்றத்தை விட்டுவிட்ட ஆள். வருஷாவருஷம் பரீட்சை வாரத்தில் ஆஸ்பத்திரிக்காரர்கள் வண்டி அனுப்பி உங்களை வரவழைத்துக் கிடத்துவார்கள். பாலும் ரொட்டியும் ஆட்டுக்கால் சூப்பும் தருவார்கள். "பரீட்சைக்குப் போறேன்" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறுவீர்களாம்.

எழுத்துப் பரீட்சையில் நான்தான் முதல். மண்ணீரல் வீங்குவது, வீங்கினது சின்ன அடியிலும் கிழிவது, கிழிந்தால் வயிற்றுக்குள் இரத்தம் தேங்கி இடது தோள்பட்டையில் வலி எடுப்பது, எல்லாவற்றையும் ஒரு புள்ளி விடாமல் எழுதினேன். கைப்பழக்கமோ பூஜ்யம். நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் பெரிய டாக்டரின் முதுகுக்குப் பின்னால் நின்று எட்டி எட்டிப் பார்த்தே வைத்தியம் படித்தவர்கள்.

உங்கள் கட்டிலருகே எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்தார்கள். பரீட்சகர்கள் இருவரும், அவர்களில் ஒருவர் வெள்ளைக்காரத் துரை, வராந்தாவில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் எப்படிப் பார்க்கிறேன் என்று யாரும் கவனிக்கவில்லை. போய் விடையைச் சொன்னால் போதும். உங்கள் வயிற்றில் கை வைத்தேன். எனக்கு ஒன்றுமே தட்டுப்படவில்லை. பயந்துபோய் அதே இடத்தையே திரும்பத் திரும்ப அமுக்கினேன்.

"பேடிக்காத மக்கா," என்றீர்கள், கூரையைப் பார்த்தபடியே. "மண்ணீரலாக்கும். விலாவுக்குக் கீழ நாலு விரல். ஓரத்துல ஒரு வெட்டு மாதிரி இருக்கும், அதையும் சொல்லு. தொரைக்கு அது பிடிக்கும், கேட்டியா?"

சொன்னேன். துரைக்குப் பிடித்தது. திரும்பி வரும்போது உங்களைப் பார்த்துக் கும்பிட்டேன். கண்ணைச் சிமிட்டினீர்கள். அன்று நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நல்ல காரியம் செய்ததாகவே நினைத்தேன் அண்ணாச்சி.

மூன்று வருஷம் கழித்து, வடசேரிச் சந்தைக்குப் பக்கத்தில் நான் போர்டு மாட்டி உட்கார்ந்திருந்தபோது மாட்டுவண்டியில் வந்தீர்கள். கூடவே உங்கள் மனைவி, என் மயினி. வாசலில் பெரிய கூட்டம், எனக்குத் தலைகால் புரியாத பெருமை. உங்கள் முகம் வெளுத்திருந்தது. அதைப் பார்த்தேன், ஆனால் யோசிக்கவில்லை.

"கண்ணுக்குட்டி முட்டிட்டு டாக்டரே. இடது விலாவுல. ஆனா வலிக்கது தோள்பட்டையாக்கும். வயித்துல ஒரு கை வச்சுப் பாரும்."

நான் சிரித்தேன். இந்தச் சிரிப்பை எங்கே கொண்டு போய்த் தொலைப்பேன்? "உங்கள் வயிறு எனக்குத் தெரியாதா அண்ணாச்சி? நாலு விரல்!" என்றேன். நீங்களும் சிரித்தீர்கள். தோளுக்குத் தைலம் கொடுத்தேன், சூடாக ஒத்தடம் வைக்கச் சொன்னேன். கட்டில்கூட இருந்தது அந்த அறையில். உங்களைப் படுக்கச் சொல்லவில்லை.

அன்றும் விடை முழுவதையும் நீங்களே சொல்லித் தந்தீர்கள். கன்றுக்குட்டி, இடது விலா, தோள்பட்டை. நான் முதல் மார்க்கு வாங்கின அதே கேள்வி. அறுத்துக் காப்பாற்றக்கூடிய ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஊர் திரும்பிய வண்டி தோவாளையைத் தாண்டும்போது நீங்கள் போய்விட்டீர்கள்.

அடக்கத்துக்கு வந்தேன். மயினி என் கையைப் பிடித்துக்கொண்டு, "டாக்டரு தொட்டுப் பாத்துட்டுத்தான் மருந்து தந்தாவ, பொறவு நம்ம விதி" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லி அழுதாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். துக்கம் என்று நினைத்தார்கள்.

பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இப்போது ஆரல்வாய்மொழிக்கு மோட்டார் பஸ் ஓடுகிறது. என் தலை நரைத்துவிட்டது. அந்த லைசென்ஸ் பரீட்சையைத் திருத்த சர்க்கார் ஒரு கமிட்டி போட்டு, என்னையும் அதில் சேர்த்திருக்கிறது. சிரிப்பு வருகிறதா?

நான் கேட்டது அதிகமில்லை. பரீட்சகர் வராந்தாவில் உட்காரக் கூடாது, கட்டில் அருகே நின்று மாணவன் கை போகும் வழியைப் பார்க்க வேண்டும். வருஷாவருஷம் அதே நோயாளியைக் கிடத்தக் கூடாது. எழுத்தில் எத்தனை மார்க்கு வாங்கினாலும் கையில் தோற்றவனுக்கு லைசென்ஸ் கிடையாது. அவ்வளவுதான்.

மூத்த அங்கத்தினர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். "இப்ப உள்ள பரீட்சைக்கு என்ன கொறைச்சல் ஓய்? அதுல பாஸான டாக்டரால கெட்டுப்போன ஒரு ஆளக் காட்டும், பாப்போம்."

உங்கள் பெயர் தொண்டைவரை வந்தது. காபியைக் குடித்து விழுங்கிவிட்டேன். என் போர்டு, என் பெயர், வேதக்கோயிலில் எனக்கிருக்கும் முன்வரிசை, எல்லாம் கண்முன்னால் வந்தன. விஷயத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தார்கள்.

அதனால்தான் நேற்று மயினியிடம் போனேன். நார்ப்பெட்டி முடைந்துகொண்டிருந்தாள். பரீட்சையில் நீங்கள் சொல்லித் தந்ததையும், வடசேரியில் நான் தொடாததையும் சொன்னேன். கைவேலை நின்றது. வைவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தேன்.

"எனக்குத் தெரியும்," என்றாள். "நானும் கூடத்தான நின்னேன். நீரு தொடல்ல."

"பிறகு ஏன் மயினி அப்படிச் சொன்னீங்க?"

"அவரு பாஸாக்கிவிட்ட டாக்டருன்னு ஊரெல்லாம் பெரும பேசுன மனுசன். செத்த அன்னைக்கு அத எப்பிடிக் கெடுக்கியது?" நார்ப்பெட்டியைத் தள்ளி வைத்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள். "ஒமக்கு மட்டுமா சொல்லிக் குடுத்தாரு? வருசத்துக்கு நாலஞ்சு பேருக்குச் சொல்லிக் குடுத்துருக்காரு. அவங்க எல்லாம் இப்ப எங்க இருக்காவ டாக்டரே?"

எங்கே இருக்கிறார்கள் அண்ணாச்சி? குலசேகரத்தில் ஒருவர் இருக்கிறார் என்று தெரியும். மற்றவர்கள்? இன்று யார் வயிற்றைத் தொடாமல் யாருக்குத் தைலம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்?

அடுத்த கூட்டம் வரும் வியாழக்கிழமை. கெட்டுப்போன ஆளைக் காட்டச் சொன்னவருக்கு உங்கள் பெயரைச் சொல்வேன், கெடுத்தவன் என்று என் பெயரையும் சொல்வேன். புதிய பரீட்சை வரும் நாளில் முதல் ஆளாக நானே போய், முன்பின் பார்த்திராத ஒரு நோயாளியின் கட்டிலருகே, பரீட்சகர் பார்க்க நிற்பேன். தோற்றால் வடசேரிப் போர்டை என் கையாலேயே கழற்றுவேன். இந்தத் தடவை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

நீங்கள் பாஸாக்கிவிட்ட, இன்னும் பாஸாகாத உங்கள் தம்பி,
ஞானமுத்து