உலைச் சாவி

பர்துபிட்சே, வியாழன்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? எனக்குக் கோபத்தைத் தவிர உடம்புக்கு ஒன்றுமில்லை.

தீயணைப்புக்காரர்களின் வெப்பக் கேமராவுக்கு ஜன்னல் செய்கிறோம் என்று எழுதினேனே, அந்தக் கண்ணாடி கண்ணுக்குக் கறுப்பு. அகச்சிவப்புக் கதிருக்கு மட்டும் வழிவிடும். செய்து முடித்தால் நெருப்பையே தாங்கும். ஆனால் உருக்கியதும் இரண்டு நாள் உலைக்குள்ளேயே மெதுவாக ஆற வேண்டும். செவ்வாயன்று, பாதிகூட ஆறாதபோது, எங்கள் ஆய்வகத் தலைவர் ஹ்லவாச் விருந்தாளிகளோடு வந்து உலைக் கதவில் கை வைத்தார்.

"தொறக்காதீங்க சார், வெடிச்சிரும்."

"ஒரு நிமிஷம்தாம்மா, பாத்துட்டு மூடிரலாம்."

"பிரசவ ரூம் கதவையும் இப்படித்தான் தொறந்து பாப்பீங்களா?"

திறந்தார். டிக்கென்று ஒரு சத்தம். நான்கு மாத உழைப்பு இரண்டாகப் பிளந்தது.

"ஜன்னல்னீங்க, கரிக்கட்டையால்ல இருக்கு!" என்று சிரித்தார் ஒரு விருந்தாளி.

மறுநாள், 'ஊழியரின் கவனக்குறைவு' என்று எழுதிய தாளை நீட்டி ஹ்லவாச் என்னிடம் கையெழுத்துக் கேட்டார். கிழித்து அவர் மேசையிலேயே வைத்தேன். பயப்படாதீர்கள், வேலை போகவில்லை. இதை உருக்கத் தெரிந்தவள் இங்கே நான் ஒருத்திதான்.

நம் உஷ்ஹோரோத்திலிருந்து இங்கே வரும் பஸ் டிரைவரிடம் பிளம் ஜாம் கொடுத்தனுப்புங்கள். ஈஸ்டர் ரொட்டியில் என் பங்கையும் வையுங்கள், காய்ந்தாலும் பரவாயில்லை. நான் வர முடியாது. மறுபடி உருக்கப் போகிறேன். ஞாயிறு காலையில்தான் திறக்கலாம்.

உலை கூப்பிடுகிறது, முடிக்கிறேன். இந்த முறை கதவுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறேன். சாவி, நீங்கள் போட்டுவிட்ட சிலுவையோடு என் கழுத்தில் தொங்குகிறது. தைரியமிருந்தால் ஹ்லவாச் வந்து கேட்கட்டும்.

உங்கள் மகள்,
மிரோஸ்லாவா