இரண்டாவது ஆளிடம் கேட்கப் போன நேரம்

மார்ச் 3, செவ்வாய்

அவன் அம்மா இறந்து இரண்டு வருடம். வீட்டில் நானும் பதினான்கு வயது மகனும்தான். இன்று நாங்கள் பேசிக்கொண்டது நாலு வாக்கியம். அதில் இரண்டு சார்ஜரைப் பற்றியது.

மார்ச் 5, வியாழன்

காலை 6.40. குனிந்தபடியே அறையிலிருந்து வந்தான். "வயிறு வலிக்குதுப்பா." ஒருமுறை வாந்தி. எங்கே என்று கேட்டால், "கீழ" என்று தரையைப் பார்க்கிறான்.

7.30. தெருமுனை கிளினிக். டாக்டர் பெண்ணுக்கு இருபத்தாறு வயதுகூட இருக்காது. என்னை வெளியே நிற்கச் சொல்லி அவனைப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்தாள். "விரை முறுக்கிக்கிட்டிருக்கு சார். ரத்தம் போகலை. ஸ்கேனுக்கெல்லாம் நிக்காதீங்க, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. நான் போன் பண்ணிடறேன். ஆறு மணி நேரம் தாண்டினா கஷ்டம்."

முப்பத்தொரு வருடப் பத்திரிகை வேலையில் ஒருவர் சொன்னதை மட்டும் நம்பி ஒரு வரிகூட அச்சுக்கு அனுப்பியதில்லை. அந்தப் புத்தியோடுதான் ஸ்கேன் சென்டருக்குப் போனேன். டோக்கன் பதினேழு. அவன் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "போலாம்பா" என்றான். மூன்று தடவை. "இருடா, கூப்பிடுவாங்க" என்றேன்.

ஸ்கேனும் அதையே சொன்னது. ஆபரேஷன் அறைக்குள் கொண்டுபோகும்போது மணி 1.35.

மார்ச் 6

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. அறுவை மருத்துவர் சொன்னது: "கறுத்துப்போச்சு. எடுத்துட்டோம். இன்னொண்ணு திரும்பிடாம இருக்கத் தையல் போட்டிருக்கோம். கல்யாணம், குழந்தை எல்லாத்துக்கும் ஒண்ணே போதும்." கிளம்பும் முன், "கிளினிக்லேர்ந்து எட்டு மணிக்கே போன் வந்துச்சே. எங்கே இருந்தீங்க?" என்றார்.

ஸ்கேன் கவரை நீட்டினேன்.

மார்ச் 9

வீடு. கஞ்சியை வாங்கிக்கொண்டான். முகம் பார்க்கவில்லை.

மார்ச் 17

கட்டுரை எழுதினேன், என் தவறோடு. ஊர், பெயர் இல்லாமல். பிள்ளைகளுக்குத் திடீரென்று விரையில் வலித்தால், வீங்கினால், காரணமில்லாமல் அடிவயிறு வலித்து வாந்தி வந்தால், காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரி. இவ்வளவுதான் விஷயம்.

செய்தி ஆசிரியர் தலையில் கைவைத்தார். "யோவ், காபி குடிக்கிற நேரத்துல ஜனங்க படிக்கிறதா இது? 'அந்தரங்க உறுப்பு'ன்னு போட்டுக்கலாம்."

"அப்படிப் போட்டா எவனுக்கும் புரியாது. கூச்சப்பட்டுக்கிட்டே வீட்ல கிடப்பான்."

"உன் பையன் ஒத்துக்கிட்டானா?"

கேட்டேன். மகன் தோளைக் குலுக்கினான்.

மார்ச் 22, ஞாயிறு

ஏழாம் பக்கத்தில் வந்திருக்கிறது, 'விரை' என்ற சொல்லோடேயே. அவன் நின்றபடியே படித்தான்.

"நல்லாத்தான் எழுதியிருக்கே. 'வயிற்று வலி என்று சொன்னான்.' ஏன் அப்படிச் சொன்னான்னு மட்டும் இல்லை."

ஒரு சின்ன டாக்டர், ஸ்கேன் எடுத்தவர், அறுவை மருத்துவர் — எல்லோரையும் விசாரித்தாயிற்று. இவனை?

மார்ச் 23

காலை 6.50. செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவனிடம் கேட்டேன்.

"அஞ்சு மணிக்கே வலி. உன் ரூம் வாசல்ல வந்து நின்னேன். நீ டைப் அடிச்சுக்கிட்டிருந்தே, திரும்பிப் போயிட்டேன்." செருப்பு வாரை இழுத்து மாட்டியபடி சொன்னான்: "அம்மாகிட்டயும் நான் சொல்லியிருக்க மாட்டேன்ப்பா. ஆனா அம்மா கேட்டிருப்பா."

7.10. பள்ளிக்குப் போய்விட்டான்.