கைப்பைக்குள்ள துப்பாக்கி

ஜெய்பீம். மதி கண்ணு, அம்மா எழுதுறேன். இங்க நானு, உங்க நைனா, பீம்ராவு மூணு பேரும் சொகம், அங்க நீயும் மருமகப்புள்ளயும் பேத்தி மகிமாவும் அதே மாதிரி கீறீங்கன்னு நெனச்சிக்கினே எழுதுறேன். உன் தம்பி பீம்ராவு கல்யாணத்துக்கு இன்னும் பன்னெண்டு நாள் தான் கீது. உங்க நைனா எர்ணாவூர் பூரா பத்திரிகை வெச்சிட்டாரு, டீக்கடை நாயிக்கு மட்டும் தான் பாக்கி. கல்யாணப் பொண்ணு அன்புக்கரசி போன் பண்ணி, அண்ணி வந்தா தான் மேடை ஏறுவேன்னு சொல்றா, அவளுக்கும் உன்ன மாதிரியே வாய். வூட்டுக்கு வெள்ளை அடிச்சாச்சி, மகிமா வந்து கிறுக்கட்டும்னு கீழ் செவுத்த மட்டும் அப்டியே வுட சொல்லிட்டேன்.

ஞாயித்துக்கெழம நீ சொன்னது மனசுலயே கீது. போன்ல பேசினா நீ அழற, நான் கத்துறேன், அதான் பேப்பர்ல எழுதி பீம்ராவ வுட்டு போட்டோ புடிச்சி அனுப்புறேன். கிரீன் கார்டு வந்ததும் நீ துப்பாக்கி வாங்கினது, வகுப்புக்குப் போயி அத மறைச்சி எடுத்துனு போவ லைசென்சு வாங்கினது எல்லாம் எனக்குத் தெரியும், நான் ஒண்ணும் சொல்லல. ஆஸ்பத்திரி டூட்டி முடிச்சி கார் நிக்கிற எடத்துக்கு ஒத்தையா நடக்குற, அங்க உன்கூட வேலை செய்யிற நர்ச ஒருத்தன் மடக்கினான்னு நீ சொன்ன அன்னிக்கு எனக்கு சோறு எறங்கல. ஆனா ஒரு டவுட்டு கண்ணு. ஆஸ்பத்திரிக்குள்ள துப்பாக்கி எடுத்துனு வரக்கூடாதுன்னு போர்டு வெச்சிக்கீறாங்கன்னு நீயே சொன்ன. அப்போ துப்பாக்கி கார்ல கீது, நீ காருக்கு நடந்துகினு கீற. திருடன் வந்தா, கொஞ்சம் இருப்பா கார்ல இருந்து எடுத்தாறேன்னு சொல்லுவியா. இத கேட்டு உங்க நைனா சிரிச்சி சிரிச்சி பொற ஏறிட்டாரு.

மத்த எடத்துக்குக் கைப்பையில வெச்சிக்கிறேன்ற. பதினேழு வருசமா கம்பெனி கேட்ல செக்யூரிட்டியா நின்னு பொம்பளைங்க பைய தொறந்து பாக்குறேன், எனக்கே கதை சொல்றியா. ஐடி கார்டு கேட்டா சீப்பு வருது, பாதி தின்ன முறுக்கு வருது, தொலைஞ்சி போச்சின்னு ஒப்பாரி வெச்ச கம்மல் வருது, கார்டு மட்டும் வராது. அவசரத்துக்குக் கைய வுட்டா வேண்டியது பொம்பளைக்குக் கெடைக்காது, கூட கீற புள்ளைக்குத் தான் எல்லாம் கெடைக்கும். கெடைச்சிதே. சுட்டுப் பழகப் போன அன்னிக்கு பை உள்துணி ஓட்டையில பூந்த ஒத்த தோட்டாவ, நீ ஊருக்கு வர பொட்டி கட்டும்போது மகிமா எடுத்து, லிப்ஸ்டிக்குன்னு உதட்டுல தேச்சிக்கினு உன் முன்னாடி வந்து நின்னுச்சாமே. நீ சிரிச்சிக்கினே தான் சொன்ன, ஆனா கொரலு நடுங்கிச்சி.

பேங்க்ல கன்மேனா கீறாரே வரதன் அண்ணன், மிலிட்டரியில இருந்தவரு, அவரைக் கேட்டேன். துப்பாக்கியே இல்லன்னாலும் ஒரு தோட்டா பையில கெடந்தா போதும், நம்ம ஏர்போர்ட்ல புடிச்சி கேஸ் போடுவாங்க, அமெரிக்கா லைசென்சு இங்க செல்லாது, மறந்து எடுத்தாந்துட்டேன்னு கோர்ட்ல சொல்லிக்கினு அலையணும்னாரு. அது நடந்திருந்தா பீம்ராவு மாலையும் கழுத்துமா ஸ்டேசன் வாசல்ல நின்னுருப்பான். இப்போ நெனச்சா சிரிப்பு வருது. ஆனா கேஸுன்னா வக்கீல வெச்சி பாத்துக்கலாம் மதி, துப்பாக்கியே மூணு வயசுப் புள்ள கைக்குப் போனா எந்த வக்கீலு வருவாரு. வரதன் அண்ணன் வூட்டுல துப்பாக்கி ஒரு பூட்டு, தோட்டா வேற பூட்டு, சாவி அவரு இடுப்புல. தூக்கிப் போடுன்னு நான் சொல்ல மாட்டேன், தனியா நடக்குறவ நீ. பையில மட்டும் வேணாம்.

நேத்து மருமகப்புள்ள பேசினாரு. பூட்டு வெச்ச இரும்புப் பொட்டி வாங்கி துப்பாக்கிய அதுக்குள்ள வெச்சிட்டியாம், டூட்டி முடிஞ்சா ஆஸ்பத்திரி செக்யூரிட்டி அம்மா ஒருத்தங்க கார் வரைக்கும் உன்கூட நடந்து வராங்களாம். அங்கயும் என்ன மாதிரி ஒரு ராஜாத்தி கீறா பாரு. எனக்கு அவ்ளோ சந்தோசம், நேத்து தான் நல்லா சாப்பிட்டேன். திரும்பிப் போகும்போது அந்த அம்மாவுக்கு கல்யாண அதிரசம் கட்டித் தரேன், மறக்காம குடு.

நீங்க மூணு பேரும் நோய் நொடி இல்லாம, யாருக்கும் பயப்படாம நூறு வருசம் இருக்கணும். ஏரோப்ளேன் ஏறுறதுக்கு முன்னாடி எல்லாப் பையையும் தலகீழா கவுத்து உதறு, உள்துணிய கிழிச்சே பாரு, நான் தெச்சித் தரேன். சனிக்கிழம ஏர்போர்ட்டு வாசல்ல நிப்பேன். யாரு வந்தாலும் என் கண்ணு மொதல்ல பைக்கு தான் போவும், அது என் வேலை. அன்னிக்கு உன் பைய பாக்க மாட்டேன், மகிமா கைய தான் பாப்பேன். வெறுங்கைய நீட்டிக்கினு ஓடி வரட்டும், அள்ளிக்கிறேன்.

இப்படிக்கு
உன் வரவுக்குக் காத்துகினு கீற அம்மா,
ராஜாத்தி