நஜ்லா வீட்டுக்குத் தண்ணீர்

மொசூல்,
வெள்ளிக்கிழமை, மார்ச் மாதம்

என் கண்மணி ரஃபலுக்கு உம்மா எழுதுவது. இறைவன் அருளால் இங்கே எனக்குச் சுகம்தான், முழங்கால் வலி மட்டும் குளிரோடு வந்து குளிரோடு போகிறது. அந்தப் பனி நாட்டில் நீயும் மருமகனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே நீ கத்துவாய், நானும் கத்துவேன், அதனால்தான் ஸ்வீடன் திரும்பும் ஷஹ்லா கையில் கடிதமாகக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே பேரீச்சம்பழம் வைத்த கலீச்சா பலகாரம் ஒரு டப்பா இருக்கிறது, வழியிலேயே அவள் தின்று தீர்க்காமல் கேட்டு வாங்கிக்கொள்.

திட்டு வாங்கும் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மாடி அறைக்குக் கூரை போட நீ அனுப்பிய பணத்தில் கூரை போடவில்லை. சண்டை ஓய்ந்து இத்தனை வருஷமாகியும் தண்ணீர்க் குழாய் நம் சந்துக்குள் வராமல் பெரிய தெருவோடு நின்றுவிட்டது உனக்குத் தெரியும். நகராட்சிக்காரர்கள் மூன்று தடவை வந்து அளந்தார்கள், படம் பிடித்தார்கள், நம் வீட்டிலேயே தேநீர் குடித்தார்கள், நிதி வரட்டும் என்று போனார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு குழு பள்ளிக்கூட வாசலுக்கு நீலப் பெயின்ட் அடித்துத் தன் பெயரையும் எழுதிவிட்டுப் போனது, உள்ளே குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கடைசியில் ரொட்டிக்கடை யூனுஸ் எல்லோரையும் கூட்டி, "நாட்ட அவங்க கட்டும்போது கட்டட்டும், சந்த நாம கட்டிக்குவோம், வீட்டுக்கு ஒரு பங்கு" என்றார். நான் ஓய்வூதியத்திலிருந்து என் பங்கைக் கொடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து நஜ்லா வந்தாள். கடைசி வீட்டுத் தையல்காரி, நீ மறந்திருக்க மாட்டாய். அவள் தம்பி ஊரைப் பிடித்து வைத்திருந்த அந்தக் கறுப்புக்கொடிக்காரர்களோடு சேர்ந்த நாளிலிருந்து, அவன் செத்த பிறகும்கூட, அவளுக்கு யாரும் சலாம் சொல்வதில்லை. நானும்தான். உன் வாப்பாவுக்கு மருந்து வாங்கப் போன என்னைச் சந்து முனையில் திருப்பி அனுப்பியவர்களோடு அவனும் நின்றான், அந்த வாரமே வாப்பா போய்விட்டார், எனக்கு எப்படி வாய் வரும்? அவள் தன் பங்குப் பணம் வைத்த உறையை மேசைமேல் வைத்ததும் யூனுஸ் அதைத் தொடாமல், "எடுத்துக்கிட்டுப் போம்மா. ரஃபல் உம்மா உக்காந்திருக்காங்க, அவங்க முன்னால உன் காச எப்படி வாங்குறது?" என்றார். அவள் உறையை எடுக்கவில்லை. வாளி தூக்கித் தூக்கி அவள் விரல்கள் என்னுடையவை போலவே காய்த்திருந்தன. எனக்கு வந்தது இரக்கமா கோபமா, இன்னும் தெரியவில்லை. "என் துக்கத்த நீங்க சுமக்க வேணாம் யூனுஸ், அத நான் பாத்துக்குறேன். அவளும் இந்தச் சந்துலதான குடியிருக்கா? வாங்கி வைங்க" என்று சொல்லிவிட்டேன்.

வாங்கினார்கள். ஆனால் குழாய் பதித்தபோது கடைசி வீட்டுக்கு முன்னாலேயே பள்ளத்தை மூடிவிட்டார்கள், கேட்டால் பணம் தீர்ந்துவிட்டதாம். அவள் காசு மட்டும் இனித்ததா என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்போதுதான் உன் பணத்தை எடுத்தேன், பள்ளத்தை மறுபடி தோண்டச் சொன்னேன். வாப்பாவை நினைத்துப் பார்த்தாயா என்று நீ கேட்பாய். நினைத்துக்கொண்டேதான் கொடுத்தேன் மகளே. கூரைக்கென்ன, கோடையில் எப்படியும் மொட்டைமாடியில்தானே படுப்போம்.

போன செவ்வாய்க்கிழமை தண்ணீர் வந்தது. முதலில் துருவோடு சிவப்பாக, பிறகு தெளிவாக. சந்து முழுக்கப் பெண்கள் குலவையிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் நஜ்லா சட்டைக் கை நனைந்தபடி நம் வாசலில் நின்றாள். உள்ளே வரச் சொல்லித் தேநீர் ஊற்றினேன். குடிக்காமல், "அன்னிக்கு அவன் வந்து உங்களத் திருப்பி அனுப்பினதச் சொன்னான், நான் அவன அறைஞ்சேன். ஆனா என் வீட்டுல அந்த மருந்து இருந்துச்சு. எடுத்துட்டு வரத் தைரியம் வரல" என்று சொல்லி அழுதாள். மன்னித்தேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை, சொல்லவும் இல்லை. போ என்றும் சொல்லவில்லை. ஆறிப்போன தேநீரைக் கொட்டிவிட்டு அவளுக்குச் சூடாக வேறு ஊற்றினேன். நேற்றும் வந்தாள்.

உன் உடம்பிலும் உழைப்பிலும் இறைவன் பரக்கத்தைப் பொழியட்டும், மருமகனுக்கு என் சலாம். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே. கோபம் ஆறியதும் போன் செய், ஆறாவிட்டாலும் செய்.

உன் கோபத்துக்கும் பிரியத்துக்கும் உரிய
உம்மா, ஸபீஹா