திருமதி பி. வசந்தாவுக்கு

என் ராசாத்தி வசந்தா,

நீ போய் பதினோரு மாதம் ஆகிறது. உன் மகள் நாலாம் வகுப்புக்குப் போய்விட்டாள். பாடப் புத்தகத்தை உன்னைப் போலவே உரக்கத்தான் வாசிக்கிறாள். நான் இன்னும் இராஜபாளையத்தில் அதே பேண்டேஜ் துணிக் கம்பெனிக்குத்தான் போய் வருகிறேன். கண் மட்டும் கொஞ்சம் மங்கல்.

உன்னிடம் நேரில் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பு ஒன்று இருக்கிறது. நாள் கடத்திக்கொண்டே இருந்தேன். நீ எனக்கு முந்திப் போவாய் என்று யார் நினைத்தது?

என் பேர் எனக்கு எப்போதும் பிடித்ததில்லை என்பது உனக்குத் தெரியும். எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் என்னைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்து, அவளிடம் மடியேந்தித் திரும்ப வாங்கி, பிச்சை என்று பேர் வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் பட்டது போதாதென்று கம்பெனியிலும் சூப்பர்வைசர், "பிச்சை வந்துட்டான், ஏதாவது போட்டு அனுப்புங்க" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

எண்பத்தாறில் உனக்குக் கல்யாணம். ஸ்ரீவில்லிபுத்தூரில் நீ வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில், உன் பேருக்கு முன்னால் இருந்த 'செல்வி'யை அடித்துவிட்டு என்ன எழுத என்று கேட்டார்கள். மாப்பிள்ளை பேர் சங்கரன். 'திருமதி ச. வசந்தா' என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். நீ என்ன சொன்னாய்? "திருமதின்னு போடுங்க டீச்சர், கல்யாணம் ஆயிட்டுல்லா. பி மட்டும் அப்படியே இருக்கட்டும்."

நீ மாப்பிள்ளையிடம் கேட்டதற்கு, "அது ஒன் பேரு. எங்கிட்ட எதுக்குக் கேக்க?" என்றாராம். திருமதிக்குப் பக்கத்தில் பி என்று இருந்தால் வீட்டுக்காரர் பேர் என்றுதானே நினைப்பார்கள்? கேட்டவர்களிடமெல்லாம், "எங்க அப்பா பேரு. பிச்சை" என்று நீ முழுசாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். வீட்டுக்கு வந்து அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாய். நான் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனேன்.

பிறகு அந்த ஆண்டு விழா. ஷிஃப்ட் முடிந்து நேராக பஸ் ஏறி வந்தேன். மேடையில், "நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்குபவர் திருமதி வசந்தா பிச்சை" என்றார்கள். எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள், "இது என்னட்டி பேரு" என்று சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து, எல்லாருக்கும் குடிக்கக் கலர் சோடா கொடுத்துக்கொண்டு வந்த ஒரு சின்ன டீச்சர் என் முன்னால் நின்றாள்.

"ஐயா, நீங்க யாருக்கு வேண்டியவிய?"

"வசந்தா டீச்சரோட மாமனாருக்குத் தெரிஞ்சவன்மா. சும்மா பாக்க வந்தேன்."

என் வாயிலிருந்து வந்த சொல்தான். இத்தனை வருஷம் கழித்தும் எழுதக் கை கூசுகிறது. அவள் நல்ல பிள்ளை. "அப்பிடியா, அவிய முன்னாலதான் இருக்காங்க, வாங்க" என்று கூப்பிட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். நீ மைக்கில் பேசுவது ரோடு வரைக்கும் கேட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தாய். வெங்காயம் உரித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்.

"மாமனாருக்குத் தெரிஞ்சவரு ஒருத்தரு வந்திருந்தாராம்ப்பா. சட்டையெல்லாம் பஞ்சா இருந்துச்சாம்."

அப்போதாவது நான் தலை குனிந்திருக்கலாம். பொய்யைத்தான் எடுத்தேன். "சம்பந்தி வீட்ல சங்கடப்படுதாங்க. பேரை மாத்திரு."

"அவிய யாரும் ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லுவாங்க."

"அந்தப் பேரு வச்சுத்தான நீங்க தங்குனீங்க. நீங்க தங்குனதாலதான நான் இருக்கேன். இதுல என்னப்பா வெக்கம்?"

"ஒனக்கில்ல. எனக்கு இருக்கு. அத ஊரு பூரா சொல்லிட்டுத் திரியாத."

உரித்த வெங்காயத்தை ஒதுக்கி வைத்தாய். "சரிப்பா. ஒங்களுக்குச் சங்கடம்னா மாத்திருதேன்."

ஒரு மாதத்துக்குள் நீ திருமதி ச. வசந்தா ஆகிவிட்டாய். எனக்கு வருத்தமாக இருந்தது என்று எழுதினால் அதுவும் பொய். நிம்மதியாகத்தான் இருந்தது. "மாமா, ஏன் மாத்துனா? நான் ஒண்ணும் சொல்லலையே" என்று மாப்பிள்ளை கேட்டபோது, "அவ இஷ்டம் மாப்ள" என்று சொல்லிவிட்டேன்.

மஞ்சள்காமாலை உன்னைப் பதினெட்டே நாளில் கொண்டுபோனது. பள்ளிக்கூடத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். மாப்பிள்ளைக்கும் சம்பந்திக்கும் நாற்காலி போட்டார்கள். நான் பிந்தி வந்து ஜன்னலோரம் நின்றேன். பேசிய பிள்ளைகளெல்லாம் 'ச. வசந்தா டீச்சர்' என்றுதான் அழுதார்கள். "நீங்க யாரு?" என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. நான் ஆசைப்பட்டது அதைத்தானே? என் மகள் என்று சொல்லி முன்னால் போக அன்றைக்கும் கால் வரவில்லை.

போன வாரம் மாப்பிள்ளை வந்திருந்தார். உன் பள்ளிக்கூடத்தில் தமிழில் முதல் மார்க் வாங்கும் பிள்ளைக்கு வருஷா வருஷம் உன் பேரில் ஒரு பரிசு கொடுக்கப் போகிறாராம்.

"பேரு எப்படிப் போட மாமா? மொதல்ல 'பி'ன்னு வச்சிருந்தா. பொறவு ஏன் மாத்துனான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல."

சொல்லிவிட்டேன், தாயி. நான் மாற்றச் சொன்னதை, சம்பந்தி பேரில் போட்ட பழியை, அந்தச் சின்ன டீச்சரிடம் சொன்னதை, எல்லாவற்றையும். அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அவ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே மாமா," என்றார். "அம்புட்டு வருசத்துல ஒங்களக் காட்டிக் குடுக்கலையே."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. நீ செத்த அன்றைக்குக்கூட அப்படி வரவில்லை.

அவர் காகிதத்தையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினார். 'திருமதி வசந்தா பிச்சை நினைவுப் பரிசு' என்று எழுதினேன். கடைசி எழுத்து கோணலாக வந்தது. திருமதியை எடுக்கவில்லை. நீயே வேண்டும் என்று வைத்துக்கொண்டது அது. அதில் கை வைக்க நான் யார்?

பரிசை நான்தான் கொடுக்க வேண்டும் என்கிறார் மாப்பிள்ளை. அந்த மேடையில் ஏறும்போது யாராவது சிரிக்கத்தான் செய்வார்கள். சிரிக்கட்டும். நடை இருக்கும் வரைக்கும் வருஷம் தவறாமல் போவேன். பேர் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லாமல் திரும்ப மாட்டேன். இதை மட்டும் நம்பு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அப்பா,
பிச்சை.