குழிச் சுவர் சரிந்த அன்று

அன்புள்ள அப்பா,

முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை நேரத்துக்குக் கொடுக்கிறாளா? நான் சுகம்தான்.

போன வாரம் அகழாய்வுக் குழியின் சுவர் கொஞ்சம் சரிந்தது. பயப்படாதீர்கள், சிராய்ப்புதான். மண் விழுந்து உடையாமல் இருக்க, எட்டு நாளாக மண் நீக்கிய பெரிய பானையை அணைத்தபடி நகராமல் இருந்தேன். எப்போதும் கடுகடுக்கும் எங்கள் மேற்பார்வையாளர் அம்மாள் உள்ளே குதித்தார்.

“விடும்மா. அது மூவாயிரம் வருஷம் இருந்தாச்சு. உனக்கு இருபத்தாறுதானே ஆகுது.”

விட்டேன். மீதி மண்ணும் சரிந்து பானை நொறுங்கிப்போனது. அவர் திட்டவேயில்லை, அதனால்தான் அழுகை வந்தது. இப்போது இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஓடுகளை ஒட்டுகிறோம்.

ஓடுகளைத் துடைக்க உங்கள் பழைய பருத்தி வேட்டி ஒன்று அனுப்புங்கள். பதிலை நீளமாக எழுதுங்கள். பக்கத்து வீட்டுச் சண்டையைக்கூட விட்டுவிடாதீர்கள். குழிக்குப் போக வண்டி வந்துவிட்டது, இத்துடன் நிறுத்துகிறேன்.

உங்கள் மூத்தவள்