விசாரிக்க இரண்டு பேர்

பிப்ரவரி 11

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே இருவரும் சுகம். உனக்கு வாந்தி நின்றதா? போனில் கேட்டால் "ம்ம், அப்புறம் பேசறேன்மா" என்கிறாய். பின்னால் யாராவது கூட்டம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். கடிதம் என்றால் சாப்பாட்டு நேரத்தில் படித்துக்கொள்வாய்.

தேர்வு முடிவு வந்துவிட்டது. வரலாறு, இரண்டாம் வகுப்பு. மூன்று வருடப் படிப்பை ஐந்து வருடத்தில் தபாலில் முடித்திருக்கிறேன். அன்றிலிருந்து உன் அப்பாவுக்கு நான் பட்டதாரி. "பட்டதாரி, டீ ஆச்சா?" "பட்டதாரி, என் கண்ணாடி எங்க?" பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவருக்கு வேறு என்ன வேலை.

விஷயம் இதுதான். நான் வேலைக்குப் போகலாம் என்று இருக்கிறேன். வீட்டில் ஒரு குறையும் இல்லை. சம்பளத்துக்காக என்று சொன்னால் அது பொய். நான் ஒரு நாள் வராவிட்டால் "ஏன் வரல?" என்று கேட்க ஓர் இடம் வேண்டும் போல இருக்கிறது. நாற்பத்தேழு வயதில் இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஆட்களைத் தேர்ந்தெடுப்பதே உன் உத்தியோகம். விண்ணப்பம் எப்படி எழுத வேண்டும் என்று நாலு வரி எழுது.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
அம்மா

பிப்ரவரி 20

அன்புள்ள அம்மா,

வாழ்த்துகள். நிஜமாகவே சந்தோஷம். இவரும் வாழ்த்துச் சொல்லச் சொன்னார்.

கேட்டதைச் சொல்கிறேன். விண்ணப்பம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. வயதை நீயாக எழுதாதே. படிப்பை மேலே போடு. "கடின உழைப்பாளி" என்று எழுதாதே, எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள். உன்னைப் பற்றி விசாரிக்க இரண்டு பேர் விவரம் கேட்பார்கள். நல்ல பதவியில் இருப்பவர்களாகப் பார்த்துக் கொடு. நேர்காணலில் "உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா?" என்றால் இல்லை என்று மட்டும் சொல்லாதே, ஏதாவது ஒன்று கேள்.

ஆனால் எதற்கம்மா இப்போது? பிரசவத்துக்குச் செப்டம்பர் பாதியில் தேதி சொல்லியிருக்கிறார்கள். நீ ஆகஸ்டில் இங்கே வந்துவிடுவாய். வந்தால் இரண்டு வருடமாவது இருக்க வேண்டியிருக்கும். அந்தச் சின்ன அறையைக் காலி செய்து உனக்கு அலமாரி வாங்கியாகிவிட்டது. நடுவில் நாலைந்து மாதத்துக்கு ஒரு வேலையா? பொழுது போகவில்லை என்றால் சொல், புத்தகம் அனுப்புகிறேன்.

அன்புடன்,
பாப்பா

ஏப்ரல் 2

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ சொன்னபடியே ஒரு பக்கம் எழுதினேன். இருபத்தொரு இடத்துக்கு அனுப்பியதில் இரண்டு இடத்திலிருந்து கூப்பிட்டார்கள்.

முதலாவது ஒரு பள்ளிக்கூட அலுவலகம். விளம்பரத்தில் "பட்டம் அவசியம்" என்று போட்டிருந்தார்கள். தலைமையாசிரியர் பத்து நிமிடம் மரியாதையாகப் பேசினார். வெளியே வந்ததும் அங்கிருந்த எழுத்தர் பெண் எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, மனசு கேட்காமல் சொன்னாள்: அந்த இடத்துக்கு ஆள் போன வாரமே முடிவாகிவிட்டதாம். மூன்று பேரைப் பார்த்ததாகக் கோப்பில் இருக்க வேண்டுமாம். நான் மூன்றாவது ஆள்.

அவளுடைய வேலை எப்படி என்று கேட்டேன். நாள் முழுக்க ஜன்னல் கம்பிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அந்தப் பக்கம் கோபமாக நிற்கும் பெற்றோருக்குப் பதில் சொல்வதுதானாம். யார் மேல் கோபமோ, அவர் உள்ளே வேறு அறையில் இருப்பாராம்.

இரண்டாவது, வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் வேலை. அங்கே உடனே எடுத்துக்கொண்டார்கள். யாரையும் எடுத்துக்கொள்வார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. கையில் ஒரு டேப்லெட், சோப்பைப் பற்றி நாற்பத்திரண்டு கேள்வி. முப்பதாவது கேள்விக்குள் பாதிப் பேர் கதவைச் சாத்திவிடுவார்கள். முழுசாக முடித்தால்தான் ஒன்று என்று சேரும், ஒரு நாளைக்கு எட்டு வேண்டும். என்னோடு வந்த நாலு பெண்களும் பொறியியல் படித்தவர்கள். ஒருத்தி பாலம் கட்டப் படித்தவள். வெயிலில் கால் கடுக்க நடந்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்து அவர்களே பதிலும் போட்டுக்கொள்கிறார்கள். நான் ஆறு நாளும் மூன்றைத் தாண்டவில்லை. மேற்பார்வை பார்க்கிற பையன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆன்ட்டி, உங்க வீட்ல அஞ்சு பேர் இருக்காங்கன்னு நெனச்சுக்குங்க, அஞ்சு ஃபார்ம் போடுங்க" என்றான். நல்ல பையன்தான், எனக்கு உதவியாகத்தான் சொன்னான். டேப்லெட்டை அவனிடமே கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். இல்லாத ஆட்களை உண்டாக்கவா வரலாறு படித்தேன் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். "வரலாற்றுல அதுவும் நடந்திருக்கும்" என்றார்.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். என் விண்ணப்பம் உன் மேஜைக்கு வந்தால் என்ன செய்வாய்?

அம்மா

ஏப்ரல் 12

அன்புள்ள அம்மா,

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். ஒரு இடத்துக்கு முந்நூறு விண்ணப்பம் வரும். முந்நூறையும் யாரும் படிப்பதில்லை. கல்லூரியை விட்டு வந்த வருடத்தைப் பார்ப்போம், நடுவில் சும்மா இருந்த வருடங்களைப் பார்ப்போம். முதல் கட்டில் நாற்பது சேர்ந்ததும் நிறுத்திவிடுவோம். மற்றவை இரண்டாவது கட்டு. அதைப் பிரிக்கத் தேவை வந்ததே இல்லை. உன் விண்ணப்பம் அதில்தான் இருக்கும். நீ என் அம்மா என்பதால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. திறமை இல்லை என்று அர்த்தம் இல்லை, நேரம் இல்லை என்றுதான் அர்த்தம்.

இதோடு விட்டுவிடு அம்மா. வெயிலில் அலைந்து உடம்பைக் கெடுத்துக்கொண்டு வந்து நிற்காதே. ஆகஸ்ட் நாலாம் தேதிக்கு ரயில் டிக்கெட் போடட்டுமா?

அன்புடன்,
பாப்பா

மே 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

டிக்கெட் போட வேண்டாம். காரணம் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

போன மாதம் அப்பாவுக்கு ரத்த அழுத்தம் பார்க்கப் பெரிய மருத்துவமனைக்குப் போனோம். அங்கே சுவரில் ஒரு அறிவிப்பு: ஆவணப் பிரிவுக்கு உதவியாளர் தேவை, ஏதாவது ஒரு பட்டம். இருபத்தாறு பேர் வந்திருந்தோம். நேர்காணலுக்கு முன் ஒரு பரீட்சை வைத்தார்கள். டாக்டர்கள் கிறுக்கிய முப்பது சீட்டைக் கொடுத்து, படித்து எழுதச் சொன்னார்கள். நான் இருபத்திரண்டு எழுதினேன். அடுத்தபடியாக வந்தவர் பதினாலு.

ஆவணப் பிரிவு என்பது அடித்தளத்தில் ஒரு நீளமான அறை. தரையிலிருந்து கூரைவரை நோயாளிகளின் ஃபைல். எண்ணைப் பின்னாலிருந்து படிக்க வேண்டும். 312746 என்றால் முதலில் 46 என்ற அடுக்கு, அதில் 27, அதற்குள் 31. புதிய ஃபைல் எல்லாம் ஒரே மூலையில் குவிந்து ஆட்கள் முட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. இந்தக் காரணத்தை நேர்காணலில் நானாகவே ஊகித்துச் சொன்னேன். அந்தப் பிரிவின் அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா என்றும் கேட்டார். நீ சொல்லிக் கொடுத்தபடி கேட்டேன்: ஃபைல் காணாமல் போனால் எங்கே தேடுவீர்கள் என்று. அவர் சிரித்தார். முக்கால்வாசி ஏதாவது ஒரு டாக்டரின் இழுப்பறையில் இருக்குமாம்.

விண்ணப்பத்தில் விசாரிக்க இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். படிப்பு மையத்து ஆசிரியர் ஒருவர். நல்ல பதவியில் இருப்பவர் என்று எனக்குத் தெரிந்த இன்னொரு ஆள் நீதான். உன் பதவியையும் அலுவலக எண்ணையும் எழுதினேன்.

அந்த அதிகாரி உன்னிடம் பேசியிருக்கிறார். எனக்கு அது தெரியாது. மறுநாள் கூப்பிட்டு உட்கார வைத்து, "ஆகஸ்ட்ல ஊரை விட்டுப் போறீங்களாமே, ரெண்டு வருஷம் வரமாட்டீங்கன்னு உங்க பொண்ணு சொன்னாங்க" என்றார்.

"அது அவ முடிவு பண்ணது சார். நான் இன்னும் பண்ணல" என்றேன்.

"அப்ப எப்ப பண்ணுவீங்க?"

"இப்ப பண்ணிட்டேன். நான் போகல."

திங்கட்கிழமை சேர்ந்துவிட்டேன். நீ பொய் சொன்னாய் என்று சொல்லமாட்டேன். அவர் கேட்டார், உனக்குத் தெரிந்ததைச் சொன்னாய். அன்றைக்கு மாலையில் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அம்மா

மே 18

அம்மா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அந்த மனிதர் போன் செய்தபோது முதலில் யாரைப் பற்றிப் பேசுகிறார் என்றே புரியவில்லை. புரிந்ததும், நிலையாக இருப்பார்களா என்று கேட்டார். அதே கேள்வியை நான் தினமும் பத்துப் பேரிடம் கேட்கிறேன், உண்மையான பதிலை எதிர்பார்க்கிறேன். அதனால் சொன்னேன். இது ஒரு காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. சொன்னால் உனக்கு அந்த வேலை கிடைக்காது என்று தெரிந்துதான் சொன்னேன். மாலையில் உன்னைக் கூப்பிடாததும் அதனால்தான்.

என் வேலை எப்படிப்பட்டது என்று நீ கேட்டதே இல்லை. போன வருடம் இங்கே மூன்று பேர் பிரசவ விடுப்பு முடிந்து வந்தார்கள். யாரையும் நீக்கவில்லை. ஒருத்தியின் மேஜையை மாற்றினார்கள். ஒருத்திக்குக் கூட்டங்களுக்கு அழைப்பு வருவது நின்றது. மூன்றாவது ஆளுக்கு வேறு கிளை. அந்த மாற்றல் உத்தரவை அடித்தது நான். "நிர்வாக வசதிக்காக" என்று போட்டேன். குழந்தைக்குக் காய்ச்சல் என்று நான் நாலு நாள் வராவிட்டால் எனக்கு அந்த உத்தரவை அடிக்கவும் அங்கே ஒருவர் இருப்பார். நீ இங்கே இருந்தால் நான் அதைச் சமாளிப்பேன் என்று நினைத்திருந்தேன்.

உனக்கு இது முதல் வேலை. எனக்கு இருப்பதே இந்த ஒன்றுதான்.

பாப்பா

ஆகஸ்ட் 3

அன்புள்ள பாப்பாவுக்கு,

மே மாதத்துக்குப் பிறகு உனக்கு மூன்று கடிதம் எழுதி ஒன்றையும் தபாலில் போடவில்லை. போனில் நாம் மருந்தையும் ஸ்கேனையும் பற்றி மட்டும் பேசுகிறோம். அது போதும் என்றுதான் நானும் இருந்தேன்.

வேலை எப்படி என்று கேட்பாய் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். காலை எட்டு முதல் பதினொன்று வரை முந்நூறு ஃபைல் எடுத்து மேலே அனுப்ப வேண்டும். ஸ்டூலில் ஏறி இறங்கி முழங்கால் வலிக்கிறது. தூசிக்கு மூக்கில் துணி. மதியத்துக்கு மேல் அவ்வளவும் திரும்பி வரும், திரும்ப அடுக்க வேண்டும். இறந்தவர்களின் ஃபைலுக்குத் தனி அடுக்கு. முதல் வாரம் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மெதுவாக நடந்தேன். இப்போது எல்லாரையும் போலவே நடக்கிறேன். போன செவ்வாய் காய்ச்சல் என்று போகவில்லை. பத்தரைக்கு அதிகாரி போன் செய்தார். "ஏம்மா வரல?" என்றார்.

நீ எழுதியது எல்லாம் சரி. எனக்குக் கிடைப்பது ஏழு நாள் விடுப்பு, இரண்டு ஞாயிறு, ஒரு பொது விடுமுறை. பத்து நாள். செப்டம்பரில் வந்து பத்து நாள் இருப்பேன். அதற்கு மேல் முடியாது.

மிச்சத்துக்கு உன் அப்பா ஒரு வழி சொல்கிறார். அவர் வந்து தங்குகிறாராம். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "கடைசி எட்டு வருஷம் ஸ்கூல் பஸ்தான ஓட்டினேன்? அழுற புள்ளைய எறக்கி விட்டவன், மூக்கு ஒழுகுற புள்ளைய ஏத்தினவன். எனக்குப் பாக்கத் தெரியாதா?" என்றார். குளிப்பாட்டவும் துணி மாற்றவும் கற்றுக்கொள்கிறேன் என்று பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தினமும் வாங்கிக்கொண்டு வருகிறார். அந்தக் குழந்தையின் அம்மாவுக்குப் பரம திருப்தி.

அலமாரியை அவருக்குக் கொடு. நான் வருவதை வேண்டாம் என்று நினைத்தால் அதையும் எழுதிவிடு.

அம்மா

டிசம்பர் 10

அன்புள்ள அம்மா,

ஆகஸ்டில் நீ எழுதிய கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. நீயாக வந்தாய், பத்து நாள் இருந்தாய், பத்தாம் நாள் இரவே ரயிலேறினாய். அதைப் பற்றி நாம் பேசவே இல்லை. நீ கிளம்பியபோது எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கோபம் போய்விட்டது என்று எழுதமாட்டேன். குறைந்திருக்கிறது.

விடுப்பு பாக்கி இருந்தும் போன திங்கள் வேலைக்குத் திரும்பினேன். என் மேஜை ஜன்னலோரத்திலிருந்து கதவோரத்துக்கு வந்திருக்கிறது. வருகிறவன் போகிறவன் எல்லாம் இடித்துக்கொண்டு போகிறான். வேறு ஒன்றும் இதுவரை மாறவில்லை. கூட்டத்துக்கு அழைப்பு வருகிறதா என்று தினமும் பார்க்கிறேன், வருகிறது.

அப்பா குழந்தையை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார். தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்து, தன் பழைய ரூட்டில் உள்ள ஸ்டாப்பையெல்லாம் வரிசையாகச் சொல்கிறார். ஒன்பதாவது ஸ்டாப்பில் பாதி நாள் தூங்கிவிடுகிறாள். ஆனால் அவருக்கும் ரத்த அழுத்தம் இருக்கிறது, நாள் முழுக்க முடியாது. அதனால் அடுத்த மாதத்திலிருந்து அரை நாள் காப்பகத்தில் விடப் போகிறோம். பக்கத்துத் தெருதான், போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சுத்தமாக இருக்கிறது.

அங்கே ஒரு படிவம் கொடுத்தார்கள். அவசரத்துக்கு அழைக்க மூன்று பேர் வேண்டுமாம். நான், இவர், மூன்றாவதாக நீ. அப்பாவைப் போடவில்லையா என்று நீ கேட்பாய். போனை எங்கே வைத்தோம் என்று அவர் தேடி எடுப்பதற்குள் மணி அடித்து ஓய்ந்துவிடும், உனக்கே தெரியும். வெளியூர் ஆளாக இருந்தாலும் பரவாயில்லை என்றார்கள். உறவு: பாட்டி. தொழில்: உதவியாளர், மருத்துவமனை ஆவணப் பிரிவு. அப்படித்தானே எழுத வேண்டும்? தப்பாக இருந்தால் சொல், திருத்திக்கொள்ளலாம்.

கடைசிக் கட்டத்தில், வேலை நேரத்தில் தொடர்புகொள்ள எண் என்று கேட்டிருக்கிறார்கள். அப்பா உன் கைபேசி எண்ணையே எழுதச் சொன்னார். அடித்தளத்தில் சிக்னல் இருக்காது என்று சொல்லிவிட்டுக் காலியாக வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் படிவத்தைக் கொடுக்க வேண்டும். உன் அலுவலக எண்ணை அனுப்பு.

அன்புடன்,
பாப்பா